சுறா தேடிப் போன சனிக்கிழமை

சுருட்டு மணம் வந்தால் எங்கள் ஆட்களுக்கு யார் ஞாபகம் வரும்? அப்பா வருவார், இல்லாவிட்டால் மாமனார் வருவார். எனக்கு வருவது கிரேதா என்றொரு டெனிஷ்காரி.

போன கிழமை இங்கே, டென்மார்க்கில், ஸ்கீவ ஊர் பஸ் தரிப்பில் நின்றேன். பக்கத்தில் ஒரு மனிதர் சின்னச் சுருட்டொன்றைப் பற்ற வைத்தார். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பிடிக்கிறார்கள்? நின்ற இளம் பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் ஓரடி கிட்டப் போனேன். இந்தக் கிழவி ஏசத்தான் வருகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், சுருட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பாவம். எனக்கு வேண்டியிருந்ததே அந்தப் புகைதான். அதோடு கொஞ்சம் பெற்றோல் மணமும், காய்ந்த கடற்பாசி மணமும் சேர்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கிரேதாவின் ஜீப்புக்குள் ஏறியிருப்பேன். வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றேன் என்றால் பாருங்கள்.

ஜீப் என்றால் படத்தில் வருகிற மாதிரிப் பெரிய ஜீப்பை நினைத்துவிட வேண்டாம். ரஷ்யாவில் செய்த குட்டி வண்டி. பச்சை நிறம், தீப்பெட்டி போலச் சதுரம். சேறு, மணல், பனி எதிலும் ஏறும். காலையில் ஸ்டார்ட் மட்டும் வராது. அதனால்தான் எங்களுக்குள் பழக்கமே வந்தது.

எண்பத்தாறாம் வருடம் என்று நினைக்கிறேன். நாங்கள் நாட்டைவிட்டு வந்து ஒரு குளிர் முடிந்து அடுத்த குளிர் தொடங்கியிருந்தது. ஸ்கீவயில் அகதிகளுக்கென்று கொடுத்த மாடிக் கட்டடத்தில் கீழ்வீடு எங்களுடையது. ஒருநாள் காலை ஜன்னலால் பார்க்கிறேன், றோட்டில் ஒரு பருத்த மனுசி ஜீப்பைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். அறுபது வயது இருக்கும். வாயில் சுருட்டு. தள்ளுகிறாள், ஓடிப்போய் உள்ளே ஏறுகிறாள், அதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. திரும்ப இறங்கித் தள்ளுகிறாள். நான் வீட்டுக்காரரின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் ஒரே தள்ளாகத் தள்ளினேன். மன்னாரில் கரைவலை இழுத்த வீட்டில் பிறந்த கை. வண்டி உறுமிக்கொண்டு பறந்துவிட்டது. மனுசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல மரியாதை என்று நான் ஏசிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கதவில் தட்டிக் கேட்டது. அந்த மனுசிதான். ஒரு கையில் கேக், மற்றக் கையால் ஜீப்பைக் காட்டி, "கொம்!" என்றாள். வா என்று அர்த்தம், அது மட்டும் எனக்குத் தெரியும்.

இவர், அதுதான் என் வீட்டுக்காரர், பின்னால் நின்று சொன்னார்: "ஏறிப் போகாதேயும். ஆரெண்டு தெரியாது. எங்கயாவது கொண்டுபோய் விட்டிட்டு வந்திடுவாள்."

"கேக்கைத் தந்து ஆரும் கடத்துவினமோ?" என்று கேட்டுவிட்டு நான் ஏறிவிட்டேன்.

அன்று தொடங்கியது. அதன்பிறகு மழையோ காற்றோ, பெரும்பாலான சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் ஜீப்பில் இருப்போம். அவள் புருஷன் செத்து, மாடுகளை விற்று, பண்ணையை விற்று, ஜீப்பை மட்டும் விற்காமல் வைத்திருந்தவள். வீட்டுக்குள் இருக்க அவளுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அவள் டெனிஷில் கதைப்பாள், நான் தமிழில் பதில் சொல்லுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வருடம் நான் மனம்விட்டுக் கதைத்த ஆள் அவள்தான். மாமியாரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும், அவளுக்கும் விளங்கியிராது.

பெரிய றோட்டில் அவள் போகவே மாட்டாள். கல் றோட்டு, வயல் ஓரம், பைன் மரக்காட்டுக்கு நடுவே மணல் பாதை, இப்படித்தான். பெயர்ப்பலகை வாசிக்க எனக்கு எழுத்து ஓடாது, அதனால் கண்டதை வைத்து வழியைப் பிடித்துக்கொள்வேன். வெள்ளைக் குதிரை நிற்கிற இடத்தில் இடது பக்கம், மூன்று கறுப்பு மாடு நிற்கிற இடத்தில் நேரே. இதை இவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "மாடு எழும்பி நடந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டார். இந்த நாட்டில் மாடு அப்படிக் கண்டபடி நடப்பதில்லை, அது அவருக்குத் தெரியாது.

டென்மார்க்கில் பாலைவனம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? வடக்கே ஓரிடத்தில் இருக்கிறது. மரமில்லை, புல்லில்லை, மலை மலையாக மணல். அந்த மலை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து போகிறதாம். கிரேதா இரண்டு விரலை மேசையில் நடக்கவிட்டுக் காட்டித்தான் விளங்கப்படுத்தினாள். இன்னும் வடக்கே போனால் ஒரு கோயில், மணல் மூடிக் கோபுரம் மட்டும் வெளியே நிற்கிறது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவளுக்குக் கோயில் குளம் கிடையாது, ஆனாலும் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் நின்றாள்.

கடற்கரைக்கு இறங்குமுன் வண்டியை நிறுத்தித் தீக்குச்சியால் அழுத்தி, மணலில் புதையாமலிருக்க நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்குவாள். உஸ்ஸென்று சத்தம் வரும். அது என் வேலையாகிப் போனது. பிறகு ஒரே ஓட்டம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணல்மேடு, நடுவில் ஆளில்லை, குருவியில்லை, கண்ணுக்கெட்டின மட்டும் வெறும் ஈர மணல். நடுவில் அங்கங்கே பழைய உலக யுத்தகாலத்துச் சீமெந்துக் காவலரண்கள் சரிந்து கிடக்கும். முதல் தரம் அதன் துவாரத்தைக் கண்டவுடன் நான் சீற்றுக்குக் கீழே குனிந்துவிட்டேன். பழக்கம். கிரேதா வண்டியை அதற்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஏறிக் காலைத் தொங்கப் போட்டிருந்து, கஃபே என்று அவர்கள் சொல்கிற கோப்பியை ஊற்றி என்னிடம் நீட்டினாள். நானும் ஏறி இருந்தேன். எங்கள் ஊர்க் காவலரணில் எப்போது இப்படி இருந்து தேத்தண்ணி குடிக்கப் போகிறோம் என்று கேட்டேன். அவள் "யா, யா" என்றாள்.

சரி, சுறாவுக்கு வருகிறேன். கதை கதையாகப் போகும் என் வாய்க்குக் கடிவாளம் கிடையாது.

எங்களுக்கு மேல்மாடியில் சுகந்தி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபது வயதுகூட இராது. அடுத்து வந்த வசந்தகாலத்தில் முதல் பிள்ளை பிறந்தது, பெண்பிள்ளை. மனுசன் பகலில் மொழி வகுப்புக்குப் போய்விடுவான். தாய் ஊரில். பிள்ளைப்பெற்றவீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல நான் ஒருத்திதான். காதில் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலை நான் பூட்டிவிட்டு வருவேன். பிள்ளையை நிறுக்க வருகிற தாதி அதைத் திறந்துவிட்டுப் போவாள். திரும்ப நான் போய்ப் பூட்டுவேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டால் நன்றாகச் சிரித்துக்கொள்வோம்.

ஆனால் சுகந்திக்குப் பால் போதவில்லை. குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீரிட்டு அழும். தாயும் சேர்ந்து அழுவாள். நன்றாகச் சாப்பிடு, பொறுமையாக இரு என்று தாதி சொன்னாள். சாப்பிட்டால்தானே? பாணைக் கண்டால் ஓங்காளிக்கிறாள். சோறு போட்டுக் கொடுத்தால் நாலு பருக்கையைக் கொறித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளுகிறாள். கன்னம் ஒட்டிப் போய்விட்டது. புட்டிப்பால் கொடுத்துவிடுவோம் என்று மனுசன் சொல்ல, அதற்கும் அழுகை. ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா இஞ்ச இருந்தா பால்சுறா வாங்கி வறை வறுத்துத் தந்திருப்பா அக்கா."

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவை உதிர்த்து வறை வறுத்துக் கொடுக்காத வீடு உண்டா? பால் ஊறுவதற்கு அதற்கு மிஞ்சி ஒன்றுமில்லை.  கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் சுற்றி இருந்தார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"உதென்ன பெரிய வேலை? சனிக்கிழமை பின்னேரம் உன்ர கோப்பையில சுறா இருக்கும். அழாதை பிள்ளை."

அன்றுதான் அவள் முதன்முதல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மெய்யாவோ அக்கா?" என்று கேட்டாள். அந்தப் பார்வைக்குப் பிறகு பின்வாங்க முடியுமா?

கீழே வந்து சொன்னதும் இவர் தொடங்கினார். "கடலைக் குத்தகைக்கு எடுத்தனீரோ? இஞ்ச கடையில பெட்டிக்குள்ள துண்டு துண்டாத்தான் மீன் கிடக்கு. சுறாவாம்!"

"சும்மா இருங்கோ. கடல் இருந்தா சுறா இருக்கும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை, எங்கள் றோட்டிலேயே இருந்த கிரேதா வீட்டுக் குசினிக்குப் போய், சுறா கேட்டேன். எப்படிக் கேட்பது? கையைக் கூப்பி முதுகில் செட்டை மாதிரி நிறுத்திக்கொண்டு மேசையைச் சுற்றி நீந்தினேன். அவள் சுருட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். பல்லைக் காட்டிக் கடித்தேன். விளங்கிவிட்டது. ஆனால் ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. குழந்தையைத் தாலாட்டிக் காட்டினேன், ஜன்னலால் எங்கள் மேல்மாடியைக் காட்டினேன், மாரைக் காட்டிக் கையை விரித்தேன், இல்லை என்று. மாடு வளர்த்தவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டுமா? இரண்டு கையாலும் பால் கறப்பது போலக் காட்டி, தீனி சரியில்லாவிட்டால் மாடும் அப்படித்தான் என்று தலையை ஆட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கஃபே ஆறிப்போனது.

சனிக்கிழமை விடிந்ததும் வெளிக்கிட்டோம். பாலம் தாண்டி, தீவு தாண்டி, மேற்குக் கரைக்கு. அந்தக் கரையில் துறைமுகம் இல்லாத சின்ன இடங்கள் உண்டு. வள்ளத்தை மணலிலேயே இரும்புக் கயிறு கட்டி இழுத்து ஏற்றுவார்கள். எங்கள் ஊர் மீன்வாடி மாதிரித்தான், மனிதர்களின் நிறம்தான் வேறு. முதல் இடத்தில் காற்றுக்குப் பயந்து ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. இரண்டாவது இடத்தில் தட்டை மீன் மட்டும்தான். கிரேதா காற்றை இறக்கு என்று கையைக் காட்டினாள். நான் தீக்குச்சியோடு இறங்கினேன். அதன்பிறகு றோட்டே இல்லை. கடற்கரை வழியாக வடக்கே, வடக்கே. ஓடைகள் கடலுக்கு இறங்குகிற இடங்களில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனோம். ஜன்னல் கண்ணாடி ஒன்று எப்போதும் ஏறாது, அந்தப் பக்கம்தான் நான். உப்புத் தண்ணீரில் முழுகிவிட்டேன்.

ஒரு மணல்மேட்டின் அடியில் தார் பூசிய ஒரேயொரு கொட்டில். அப்போதுதான் ஒரு வள்ளத்தை இழுத்து ஏற்றியிருந்தார்கள். ஒரு வயதான மீன்காரர் பெட்டிகளை இறக்கிவிட்டு, வேண்டாததை மணலில் வீசிக்கொண்டிருந்தார். வேண்டாதது என்று வீசியது என்ன தெரியுமா? சுறா! சாம்பல் நிறம், முதுகில் வெள்ளைப் புள்ளி, கைநீளக் குட்டிச் சுறாக்கள். நான் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கிரேதா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். சொன்னதோடு விடாமல் கையால் பால் கறந்தும் காட்டினாள். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கில்லை!" என்று தமிழில் கத்தினேன். அவருக்கு எப்படியோ விளங்கியது. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

எடுத்துக்கொள் என்று ஒரு பெரிய சுறாவை நீட்டினார். இன்னும் உயிர் இருந்தது, வயிறு புடைத்திருந்தது. வயிற்றில் குட்டி. பிள்ளை பெற்றவளுக்குப் பிள்ளைத்தாய்ச்சி மீனைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அதைத் தண்ணீரில் கொண்டுபோய் விட்டார். சின்னதாக இரண்டைக் காட்டினேன். ஓம் என்றார்.

அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் பால்சுறாவுக்கு முதுகில் முள் கிடையாது. முதுகில் பிடித்து அள்ளித் தூக்கலாம். அதைத்தான் நான் பெரிய கெட்டிக்காரி மாதிரிக் கிரேதாவுக்குக் கையால் காட்டிக் கொடுத்தேன், இப்படிப் பிடி என்று. அவளும் நம்பிப் பிடித்தாள். இந்தக் கடல் சுறாவுக்குச் செட்டைக்கு முன்னால் ஊசி மாதிரி முள் இருக்கிறது. பெருவிரல் அடியில் ஏறிவிட்டது. அவள் அப்போது சொன்ன சொல்லை எந்த மொழி வகுப்பிலும் படிப்பிக்கவில்லை. மீன்காரர் ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கையை அமிழ்த்தினார். ஆனாலும் வலது கை கண்ணுக்கு முன்னால் வீங்கியது. காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கத் தொடங்கியிருந்தது. அலை மணல்மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டு வந்தது. யாரையாவது கூப்பிடட்டுமா என்று அந்த மனிதர் கேட்டார். கிரேதா "நை!" என்றாள். அவளும் என்னைப் போல வீம்புக்காரி.

ஆனால் வலது கை இல்லாமல் கியர் மாற்றுவது எப்படி?

அவள் என்னைப் பார்த்தாள், கியர்த் தடியைப் பார்த்தாள். நான் இடது கையை அதன்மேல் வைத்தேன். அப்படித்தான் ஓட்டினோம். சுக்கானும் காலும் அவளுடையது, கியர் என்னுடையது. "ஏன்!" என்றால் ஒன்று, "தோ!" என்றால் இரண்டு, "த்ரே!" என்றால் மூன்று. மொழி வகுப்பில் நான் உருப்படியாகப் படித்தது எண்ணிக்கை மட்டும்தான், அது அன்றைக்கு உதவியது. முதலில் இரண்டு கத்தலுக்கு ஒரு கியர் விழுந்தது. பிறகு அவள் காலைத் தூக்குகிற சத்தத்திலேயே என் கை தானாகப் போனது. சேர்ந்து பாட்டுப் பாடுகிற மாதிரி.

கடற்கரையைவிட்டு மேலே ஏறுகிற இடத்தில் மணல் மா மாதிரி இருக்கும். அங்கே அவள் "ஏன்! ஏன்!" என்று கத்த, அவசரத்தில் நான் பக்கத்துத் தடியை இழுத்துவிட்டேன். அந்த ஜீப்பில் ஒன்றில்லை, மூன்று தடி இருக்கும். வண்டி கர்ரென்று கத்திவிட்டு அச்சுவரை புதைந்து நின்றது. பின்னால் அலை. மடியில் செய்தித்தாளில் சுற்றிய சுறா. சுகந்தி கேட்ட அந்த "மெய்யாவோ அக்கா" காதுக்குள்ளேயே கேட்டது. இறங்கினேன். மண்வெட்டியால் தோண்டி, பின்னால் கிடந்த பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். ஜன்னலுக்குள் கையை விட்டுக் கியரை ஒன்றில் போட்டேன். பின்னால் போய்த் தோளைக் கொடுத்து, மாதாவே என்று ஒரு தள்ளு. வண்டி மேலே ஏறிவிட்டது, நான் முகங்குப்புற மணலில். எழும்பிப் பார்த்தால் கிரேதா மேட்டில் நின்று, நல்ல கையால் தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர். வலியிலா சிரிப்பிலா தெரியாது. நானும் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரம். இவர் வாசலில் நின்றார். என் கோலத்தைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். செய்தித்தாளை விரித்துக் காட்டினேன். வாய் மூடிக்கொண்டது. அது ஒன்றே போதும் எனக்கு.

அவித்து, தோலை உரசிக் கழுவி, முள் எடுத்து, உதிர்த்துப் பிசைந்தேன். மஞ்சள் இருந்தது, மிளகு இருந்தது, உள்ளிப்பூண்டு தாராளமாகப் போட்டேன். தேங்காய்க்குப் பதில் கேக்குக்குப் போடுகிற காய்ந்த தேங்காய்ப்பூ. கறிவேப்பிலைக்கு எங்கே போவது? கிரேதா, கையில் கட்டோடு போய், தன் தோட்டத்திலிருந்து ஏதோ சுருள் இலை ஒருபிடி பிடுங்கிக்கொண்டு வந்து, பச்சையாக இருக்கிறதே போதாதா என்ற மாதிரி நீட்டினாள். அதையும் அரிந்து போட்டு வறுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மணம் மாடி முழுக்கப் பரவியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மேலே கொண்டுபோய் வைத்தேன். சுகந்தி கோப்பையைப் பார்த்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றுகொண்டே இருந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அம்மா இப்பிடிச் செய்யமாட்டா" என்றாள். எனக்கு முகம் செத்துப்போனது. "அவ உள்ளி குறைச்சுத்தான் போடுவா. இது நல்லாயிருக்கு அக்கா. இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."

அன்று மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். கிரேதா கதவில் சாய்ந்து நின்று, தன் மாடு தீனி எடுத்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளில் குழந்தை அழாமல் நித்திரை கொண்டது. மேலேயிருந்து சத்தமில்லாத அந்த முதல் இரவு நான் விழித்திருந்து கேட்டேன்.

"சுறாவால இல்லை" என்றார் இவர். "அவ்வளவு சோறு திண்டா ஆருக்குத்தான் பால் வராது?"

"அந்தச் சோற்றை இறக்கினது ஆர்? சுறாவெல்லோ!" என்றேன். சாகும்வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.

துடக்குக் கழிந்து, கிரேதாவின் கை ஆறின பிறகு சுகந்தியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனோம். கொட்டிலுக்கு முன்னால் வெயிலில் இருந்து சோறும் வறையும் சாப்பிட்டோம். மீன்காரர் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, அதன் தொடையைக் காட்டி, "என் சுறா" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். குழந்தை முதன்முதல் கடலைக் கண்டது அங்கேதான். நாங்கள் புதைந்த இடத்தைச் சுகந்திக்குக் காட்டி நானும் கிரேதாவும் திரும்ப நடித்தும் காட்டினோம்.

ஜீப்பை உப்புத் தின்றுவிட்டது. கடைசியில் காலடியில் ஓட்டை விழுந்து, ஓடுகிற றோட்டைக் குனிந்து பார்க்கலாம் என்ற நிலைக்கு வந்தது. கிரேதா அப்படியும் கொஞ்சக்காலம் ஓட்டினாள். பிறகு அவளும் போய்ச் சேர்ந்தாள். மணல் பாதைக்கெல்லாம் தார் போட்டு, முடிவில் வாகனம் விடுகிற இடமும் கழிப்பறையும் கட்டிவிட்டார்கள். கனக்கக் கரைகளில் இப்போது வண்டி இறக்கக்கூடாது. அந்தச் சுறாவும் குறைந்துபோய், கனகாலம் அதைப் பிடிக்கவே கூடாதென்று சட்டம் இருந்தது.

போன கோடையில் சுகந்தி ஒடென்சேயிலிருந்து வந்தாள். இப்போது அவளும் வயதானவர்களைப் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வெடுக்கப் போகிற வயது. அந்த இடத்துக்குப் போவோம் அக்கா என்றாள். வண்டியை மேலே விட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அந்தக் கரையைக் கடல் வருடா வருடம் தின்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு என்று தெரியாது. மணல்மேடு பின்னுக்குப் போயிருந்தது. கொட்டிலும் இல்லை, வள்ளம் இழுத்த தடமும் இல்லை.

"எந்த இடம் அக்கா, நாங்கள் இருந்து சாப்பிட்டது?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவள் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, அது கடலெல்லோ?"

"ஓம் பிள்ளை. அப்ப அது கரை."